மாஸ்டர் மடம் பார்த்த கதை

சிதம்பரம் வண்டிகேட்டில் போய் கொளஞ்சியப்பன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். டூர் மாஸ்டர் வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். முப்பது வருஷமாக யாத்திரைக் கூட்டங்களுக்குச் சமைத்துப் போட்டவர். நம் ஜனங்களைத்தான் தெரியுமே! கங்கைக் கரையில் நின்று கண்ணீர் விடுவார்கள், ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு ரசமும் மோர்மிளகாயும் கண்ணில் படாவிட்டால் அடுத்த ரயிலுக்கு டிக்கெட் கேட்பார்கள். அவர்கள் வயிறு இருக்கும்வரை மாஸ்டருக்கு வேலை இருந்தது.

காசிக்கு மட்டும் பதினோரு தடவை போய்வந்திருக்கிறார். பதினோரு தடவை! ஆனால் விசுவநாதர் எப்படி இருப்பார் என்று கேட்டுப்பாருங்கள், முழிப்பார். கூட்டம் விடியற்காலையில் தரிசனத்துக்குப் போகும். அதற்குள் இட்லி ஆகியிருக்கவேண்டும். அவர்கள் திரும்பி வரும்போது சாப்பாடு தயாராக இருக்கவேண்டும். நடுவில் மனுஷன் எங்கே போவது? சத்திரத்துப் பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பத்ரிநாத் என்றால் இன்னும் மோசம். கூட்டம் மலையேறிவிடும், மாஸ்டர் ஹரித்துவாரிலேயே பாத்திரங்களோடு உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி தில்லையம்மாள் சும்மா விடுவாளா?

"ஏங்க, தாஜ்மகால் எப்பிடிங்க இருந்துச்சி?"

"அந்த ஊர்ல வெள்ளப் பூசணிக்கா இருக்கு பாரு, அடேயப்பா! தெருத்தெருவா குமிச்சி வெச்சிருக்கான். கூட்டு வெச்சேன், வாயில போட்டா கரையுது."

"நான் தாஜ்மகால கேட்டேன்."

"அதுவா... வெள்ளையா இருக்கும்னு சொன்னாங்க."

தில்லையம்மாள் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். புதுச்சேரியைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. கிரைண்டரை விட்டுவிட்டு எங்கே போவது, யார் கூட்டிக்கொண்டு போவது? மாவு வாங்க வரும் பெண்கள், "ஒங்க வீட்டுக்காரரு ஊரெல்லாம் சுத்தறாரே, என்னென்ன பாத்தாராம்?" என்று கேட்பார்கள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பூசணிக்காயைச் சொல்லமுடியுமா? மாவை அள்ளிப் போடுவதில் மும்முரமாக இருப்பதுபோல நடித்துச் சமாளிப்பாள்.

2010 ஜூன் மாதம், ஆனித் திருமஞ்சனக் கூட்டம் கலைந்த வாரம், மாஸ்டர் மறுபடியும் மூட்டை கட்டியபோது அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தாங்க, சொல்லிட்டேன். இந்த வாட்டி ஒரே ஒரு எடமாவது உள்ள போயி ஒக்காந்து பாத்துட்டு வந்து சொல்லணும். மாங்கா வெல, தேங்கா வெலன்னு வந்து நின்னீங்க, இதான் கடைசி டூரு. அப்புறம் மூட்ட கட்டவே வாணாம்."

"ஏம்மே, பாக்காட்டி என்னா இப்ப?"

"நான்தான் போவ முடியல. நீங்க பாத்துட்டு வந்து சொன்னா நானும் பாத்த மாதிரி. முப்பது வருசமா கேக்கறேன், ஒரு வாட்டி சொல்லல நீங்க." சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. கோபக்காரி அவள், அழுகிறவள் இல்லை.  மாஸ்டர், நிச்சயம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

போன இடமும் லேசுப்பட்ட இடமில்லை. இமாசலத்தில் ஸ்பிட்டி என்று ஒரு பள்ளத்தாக்கு, சீனா எல்லைக்குப் பக்கத்தில். மரம் கிடையாது, மழை கிடையாது, மண்மலையும் காற்றும்தான். அந்த மலைகளின் உச்சியில் ஆயிரம் வருஷத்துப் புத்த மடங்கள். இதைக் கிளப்பிவிட்டவர் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனைச் சேர்ந்த லூர்துசாமி, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். சாவதற்குள் அந்த மடங்களைப் பார்த்துவிடவேண்டும் என்று பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வித்யாவிடம் வந்துவிட்டார். வித்யா, மேல வீதியில் மாடியறையில் டூர் ஆபீஸ் வைத்திருக்கும் பெண், வயது முப்பத்தைந்து இருக்கும், சுறுசுறுப்பு. அவளும் அவ்வளவு உயரம் போனதில்லை. இருந்தாலும் யாரையெல்லாமோ விசாரித்துவிட்டு மாஸ்டரிடம் வந்தாள்.

"மாஸ்டர், மலை ஊரு. ரெண்டு பெரிய குக்கர் எடுத்துக்கலாமா?"

இதைக் கேட்கலாமா? மாஸ்டரிடம் இதைப் போய்க் கேட்கலாமா?

"குக்கரா! வித்யாம்மா, குக்கர்ல வெக்கறது சோறு இல்ல, சொரக்காரனுக்குக் குடுக்கற கஞ்சி. நம்ம கையால வடிச்சி எலையில தட்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஓடணும். கொளஞ்சியப்பன் சமையல்ல குக்கர் சத்தம் கேட்டுதுன்னு எவனாவது சொன்னா நான் கரண்டிய கீழ வெச்சிடறேன்."

வித்யா வாயை மூடிக்கொண்டாள். சேத்தியாத்தோப்பு மில்லில் சொல்லிவைத்து வாங்கிய பொன்னி அரிசி, குண்டான், வடிதட்டு, புளி, வத்தல், அப்பளம் எல்லாம் மூட்டையாயின. அடுப்பும் சிலிண்டரும் சிம்லாவில் ஏற்பாடு. குக்கர் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டது.

சிம்லாவில் சோறு ஒழுங்காக வெந்தது. ரெண்டு நாள் மேலே ஏறியதும் பருப்பு முறைத்துக்கொண்டது. ஒன்றரை மணிநேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. மாஸ்டர் லேசுப்பட்டவரா? சாம்பாரை நிறுத்திவிட்டு வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு என்று மாற்றிச் சமாளித்தார். அடுத்த நாள் சோறும் இழுத்தது. அரைமணியில் ஆகிற வேலை ஒருமணி, ஒன்றேகால் மணி. பர்னரில் அடைப்பு என்று குச்சி விட்டுக் குத்தினார். அப்புறம் மில்காரன் அரிசியில் எதையோ கலந்துவிட்டான் என்று நாலு நாள் விடாமல் திட்டினார். அந்த மில்காரன், பாவம், சேத்தியாத்தோப்பில் விக்கிவிக்கிச் செத்திருப்பான்.

இதில் போனது மாஸ்டரின் நேரம். கூட்டம் முதல் மடத்துக்குப் போனபோது மாஸ்டர் அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது மடத்துக்குப் போனபோதும் அரிசியைத்தான் பார்த்தார். மூன்றாவது மடத்தில் கூட்டம் சாயங்காலம் போய்விட்டு வந்து, "என்னா ஓவியம் மாஸ்டர்! என்னா ஓவியம்!" என்று கையைக் கையை ஆட்டிப் பேசினார்கள். மாஸ்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசி ஊர் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் அடி. அந்த ஊர்ப் பெயர் இன்றைக்கும் மாஸ்டர் வாயில் நுழைவதில்லை. இருபது மண்வீடுகள், அதற்கு மேலே பாறையின் உச்சியில் மடம். வந்து சேர்ந்த அன்றே கூட்டம் மடத்தைப் பார்த்துவிட்டது. மறுநாள் காலையில் வண்டி போட்டுப் பக்கத்து ஊர்க் குகையைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவார்கள், சாப்பிட்டதும் மூட்டை கட்டிக் கீழே இறங்கவேண்டியதுதான். இந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் மாஸ்டருக்கு மிச்சம். எட்டு மணிக்கே உலை வைத்தார். பத்து மணிக்குச் சோறு வடித்துவிட்டு ஓடினால் மடம் கால்மணி நடை. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது, அரிசிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். நடுவில் கல். பத்து மணிக்கும் கல். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசிக்கு அது உறைக்கவேயில்லை. என்ன மாயமோ! பத்தரைக்கு மேல்பக்கம் குழகுழவென்று கஞ்சியாகிவிட்டது, உள்ளே அதே கல். சிலிண்டர் வேறு உயிரை விடத் தயாராக இருந்தது. தலையில் மங்கிகுல்லா, இடுப்பில் லுங்கி, அதன்மேல் வித்யா கொடுத்த ஸ்வெட்டர், இந்தக் கோலத்தில் மாஸ்டர் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு பேருக்குச் சோறும் இல்லை, மடமும் இல்லை, இனிமேல் டூரும் இல்லை.

தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். குண்டானுக்குள் பார்த்தாள். "குக்கர் நஹி?" என்றாள்.

"நஹி" என்றார் மாஸ்டர். அவருக்குத் தெரிந்த இந்தியெல்லாம் கறிகாய் மார்க்கெட் இந்திதான், அதிலேயே அவமானத்துக்கு இந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு பத்தாது, குக்கர் இல்லாமல் எதுவும் வேகாது என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவளிடம் இருந்த குக்கர் நாலு பேருக்குத்தான் காணும். கையை மேலே காட்டினாள். மடத்துச் சமையல்கட்டில் பெரிய குக்கர் இருக்கிறதாம். குண்டானின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு காதை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் மூச்சு வாங்க வாங்க ஏறினார்கள்.

ஆக, மாஸ்டர் மடத்துக்கு வந்தேவிட்டார். எங்கே வந்தார்? பின்வாசல் வழியாக நேரே அடுப்படிக்கு! தலையெழுத்தைப் பார்த்தீர்களா?

அங்கே சமையல் பார்க்கிற பிட்சுவுக்கு நோர்பு என்று பெயர். ஐம்பது வயசிருக்கும், தொப்பை, சிவப்பு அங்கியின் கையெல்லாம் கரி. குண்டானில் கையை விட்டு ஒரு பருக்கையைக் கடித்தார், துப்பினார், மாஸ்டரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கண்ணால் பார்க்கவே கூச்சமாக இருக்கிற அளவுக்குப் பெரிய குக்கர் ஒன்றை இறக்கி, சோற்றைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மூடி அடுப்பில் ஏற்றினார். ஒரு வார்த்தை பேச்சு இல்லை. இருந்தாலும் அவர் கரண்டி பிடிக்கிற பிடியைப் பார்த்ததும் மாஸ்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. நம்ம ஆள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மேளம் அடித்தது. கூடவே நீளமான ஊதல் ஒன்று, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். பூசை ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பினவர் அப்படியே நின்றார்.

நோர்பு அவரைப் பார்த்தார். மேளச் சத்தம் வருகிற பக்கம் கையைக் காட்டி, போ என்றார்.

மாஸ்டர் குக்கரைக் காட்டினார். அடுப்பில் சோறு இருக்கிறதே!

நோர்பு தன் நெஞ்சைத் தொட்டார், குக்கரைக் காட்டினார், தன் கண்ணைத் தொட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ.

முப்பது வருஷத்தில் இப்படி ஒருத்தர் மாஸ்டரிடம் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை, அதையும் சொல்லவேண்டும். அடுப்பில் வைத்த சோற்றை இன்னொருத்தன் கையில் விடுவதைவிட வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிடலாம் என்கிற ரகம். திருவதிகைக் கோயிலில் சொந்த மகள் ஜோதிலட்சுமி கழுத்தில் தாலி ஏறினபோதுகூடப் பாயசம் அடிபிடித்துவிடும் என்று கரண்டியும் கையுமாக நின்றவர். கெட்டிமேளத்தை மண்டபத்துப் பின்னாலிருந்துதான் கேட்டார். இங்கேயும் கூப்பிடு தூரத்தில் மேளம் கேட்கிறது. காலை எடுத்து வைத்தார், திரும்பி வந்தார். குக்கரை ஒருதரம் பார்த்தார். மறுபடியும் போனார், மறுபடியும் திரும்பி வந்தார். வீட்டுக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது, தோளைப் பிடித்துக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

உள்ளே இருட்டு. நெய்விளக்கு வரிசையாக எரிகிறது. சுவரெல்லாம் ஓவியம், ஒரு சாண் இடம் விடவில்லை. பல்லைக் காட்டுகிற பூதம், மேகத்தின்மேல் உட்கார்ந்த அம்மன்கள், யானை, மான். கிழவரும் சின்னப் பையன்களுமாக பிட்சுக்கள் ரெண்டு வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். கடைசியில், நிமிர்ந்து பார்க்கிற உயரத்தில், தங்கநிறப் புத்தர். மாஸ்டர் தூணோரமாக உட்கார்ந்தார். முதலில் விளக்குக்கு எத்தனை கிலோ நெய் ஆகும் என்றுதான் புத்தி போனது. சீச்சீ என்று அதை அதட்டி உட்காரவைத்தார். அப்புறம் பார்த்தார். தில்லையம்மாளுக்குச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சொல்லவேண்டும் என்பதும் மறந்துபோய், சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். சின்னப் பிட்சு ஒருவன் கெட்டிலோடு வந்தான். இவர் பழக்கதோஷத்தில் எழுந்து கெட்டிலை வாங்கப் போனார். அவன் உட்காரச் சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்ட வெண்ணெய் டீயை ஊற்றிக் கொடுத்தான். வாய்க்கு விளங்கவில்லைதான், ஆனாலும் சொட்டு விடாமல் குடித்தார்.

பூசை முடிந்து அடுப்படிக்கு வந்தால், அடக் கடவுளே! சோறு கூழாகக் குழைந்திருந்தது. ஏற்கனவே பாதி கஞ்சியாகியிருந்த அரிசியை நோர்பு ஏழு விசில் விட்டுவிட்டார், அவர் ஊர் வழக்கம். மாஸ்டர் தலையில் கைவைத்தார். மணி பன்னிரண்டரை. வேறு வழி? நோர்புவும் அவரும் குக்கரை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள்.

பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் சுப்புராயன். பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்துக்காரர், முந்திரித் தோப்பு உள்ளவர், நாலு நாளாக எந்தச் சாப்பாட்டையும் குறை சொல்லாமல் எழுந்ததில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், மூன்று நாளாக யாருக்கும் ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. மாஸ்டர் குழைந்த சோற்றைப் போட்டு மிளகு ரசத்தை ஊற்றினார். சுப்புராயன் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். நிமிர்ந்தார்.

"மாஸ்டர், நாலு நாளா கல்லு கல்லா போட்டீங்களே, இன்னிக்கித்தான்யா சோறு போட்டிருக்கீங்க! இன்னொரு கரண்டி போடுங்க."

"சார், அது நான் வெச்சது இல்ல" என்றார் மாஸ்டர். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "குக்கர்ல வெந்தது. இவருதான் பாத்துக்கினாரு. நான் அடுப்ப வுட்டுட்டு சாமி பாக்கப் போயிட்டேன்."

 லூர்துசாமி சார் கேட்டார்: "அப்ப மத்த மூணு மடமும்?"

"பாக்கல சார்."

"காசி?"

"அதுவும் பாக்கல."

வித்யாவின் முகம் வாடிவிட்டது. "பத்து வருசமா எங்கூட வர்றீங்க மாஸ்டர், நான் ஒரு வாட்டிகூட கேக்கலியே" என்றாள். அதற்கப்புறம் அவள் நடத்திய ஒவ்வொரு டூரிலும் ஒரு நாள் கட்டுச்சோற்று நாள் ஆனது, அன்றைக்கு மாஸ்டரும் வண்டியில் ஏறிவிடுவார். குக்கரும் ரெண்டு கூடவே போயிற்று, அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக் கண்ணெல்லாம் கலங்கி உட்கார்ந்திருந்த நோர்புவிடம், வித்யா இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். பதினான்கு வருஷமாகச் சமையல்கட்டில் இருக்கிறாராம். பூசை நடக்கும்போது டீ போடவேண்டும், அதனால் உள்ளே போய் உட்காருவது வருஷத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம். ரெண்டு மணிக்கு அடுத்த பூசை.

இதைக் கேட்டதும் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "வித்யாம்மா, ஒரு மணிநேரம் வண்டிய நிறுத்தி வைக்கணும்."

"எதுக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் நோர்புவின் கையைப் பிடித்து எழுப்பினார். "வாய்யா மச்சான். நீ போயி ஒக்காரு, ஒன் டீய நான் பாத்துக்கறேன்."

நேரத்துக்குக் கிளம்பவேண்டும் என்று தினமும் கூச்சல் போடுகிற சுப்புராயன்கூட, "போய்ட்டு வாங்க மாஸ்டர், நான் இன்னும் ரெண்டு கரண்டி சாப்புட்டு வெக்கறேன்" என்றார். அன்றைக்கு மடத்துச் சமையல்கட்டில் மங்கிகுல்லாவும் லுங்கியுமாக ஒரு சிதம்பரத்து ஆள் வெண்ணெய் டீ கிண்டினார். நோர்பு உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்து மூட்டையை இறக்கினதும் தில்லையம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு, இந்தத் தடவையும் காய்கறி விலை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. மாஸ்டர் போய் கிரைண்டரை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். பாறை, படி, இருட்டு, விளக்கு, சுவரில் இருந்த பூதம், உப்பு டீ எல்லாவற்றையும் சொன்னார். மாவு வாங்க வந்த ரெண்டு பெண்களும் பாத்திரத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"சாமி மொகம் எப்பிடிங்க இருந்துச்சி?" என்று கேட்டாள் தில்லையம்மாள்.

மாஸ்டர் யோசித்தார். லூர்துசாமி சாரிடம் கேட்டிருந்தால் ஏதாவது பெரிய வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்திருப்பார். மாஸ்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"பந்தியில வயிறார சாப்புட்டு முடிச்சவங்க இருப்பாங்க பாரு. நாம இன்னும் கொஞ்சம்னு கரண்டிய நீட்டுவோம். அவுங்க போதும்னு எல மேல கைய மறிச்சிக்கினு நம்மள நிமுந்து பாப்பாங்க இல்ல? அந்த மொகம்."

தில்லையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். 

"தெரியுதுங்க" என்றாள்.